இயந்திரம் எடுத்துத் தரும், நிரப்புவது யார்?

வார்டுகளில் மருந்து வழங்கும் தானியங்கி அலமாரி வைக்கலாமா என்று பேச்சு எடுத்தாலே எங்கள் ஃபார்மசி ஆட்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். நான் ‘வைக்கலாம்’ கட்சி. ஆனால் விற்க வருகிறவர்கள் “இது வந்தால் ஆள் குறைக்கலாம்” என்று ஒரு கணக்குச் சொல்வார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குச் சண்டை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஊசி மருந்துக்காக நர்ஸ் கீழே ஓடி வர வேண்டாம். விரலை வைத்து நோயாளி பெயரைத் தொட்டால் டிராயர் திறக்கும். மார்ஃபின் மாதிரி போதை தரும் வலிநிவாரணி என்றால், உள்ளே எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பதியச் சொல்லும். எண்ணாமலே பார்த்து எழுதிவிடாதபடி, இருக்க வேண்டிய எண்ணிக்கையைத் திரையில் காட்டாமலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று குறைந்தால் கடைசியாகத் திறந்தது யார் என்று உடனே தெரியும். பதிவேட்டில் கையெழுத்துத் தேடி விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு மருத்துவமனை. பச்சிளம் குழந்தைகள் பிரிவின் அலமாரியில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் குப்பிகளை நிரப்பும்போது மாற்றி வைத்துவிட்டார்கள். இருக்க வேண்டியது மில்லிக்கு 10 யூனிட், வைத்தது 10,000. இரண்டு லேபிளிலும் நீல நிறம்தான். இயந்திரம் தன் வேலையில் பிசகவில்லை, கேட்ட டிராயரைத்தான் திறந்தது. அந்த இடத்தில் எப்போதும் சின்ன டோஸ்தான் இருக்கும் என்று பழகிப்போன கை எடுத்தது. குறைமாதக் குழந்தைகள் மூன்று பேர் இறந்தார்கள்.

அப்புறம் 2017, அதே அமெரிக்காவின் நாஷ்வில். நர்ஸ் தேடியது பதற்றம் தணிக்கும் வெர்செட். அலமாரியிலோ அது மிடசோலம் என்ற பொதுப்பெயரில் இருந்தது. ஆங்கிலத்தில் ‘வி’, ‘ஈ’ என்று இரண்டே எழுத்து தட்டி, ஓவர்ரைடு போட்டார், அதாவது ஃபார்மசி சரிபார்க்கும் முன்பே மருந்தை எடுக்கும் குறுக்குவழி. வந்தது வெக்குரோனியம், தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. மூடியில் எச்சரிக்கை இருந்தும் கண்ணில் படவில்லை. நோயாளி இறந்துபோனார். 2022-இல் அந்த நர்ஸைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். ஓவர்ரைடில் குறைந்தது ஐந்து எழுத்தாவது தட்ட வைக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்ததெல்லாம் இந்தச் சாவுக்குப் பிறகுதான்.

இப்போது ஆள் குறைப்புக்கு வாருங்கள். அலமாரியில் ஒற்றை ஒற்றை மாத்திரையாக வைப்பதற்காகப் பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் நறுக்கினால் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போய்விடும். ஒவ்வொரு மாத்திரையையும் தனி உறையில் போட்டு பார்கோடு ஒட்ட ஆள் வேண்டும். டிராயரை நிரப்ப ஒருவர், சரிபார்க்க இன்னொருவர். கவுன்ட்டரில் மிச்சமாகும் ஆள் பின்னறைக்குப் போவார், அவ்வளவுதான்.

செயல்விளக்கம் காட்ட வந்தவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: நிரப்பும்போது பார்கோடை ஸ்கேன் செய்யாமல் விட்டால் இது ஒத்துக்கொள்ளுமா?

“அவசரம் என்றால் செட்டிங்கில் ஸ்கேனை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் மேடம்” என்றார், பெருமையாக.