கொரியனை எதற்கு ஆங்கிலம் வழியாகப் படிக்க வேண்டும்?

கொரியன் படிக்கும் நம் பிள்ளைகளிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: "கிராமர் தலைகீழா இருக்கு." ஆங்கிலத்துக்குத்தான் அது தலைகீழ். தமிழுக்கு நேராகவே இருக்கிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கும்போது கொரியனை மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் வைக்கிறது. சுமார் 2200 மணி நேர வகுப்பு வேண்டுமாம். அது ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்குப் போட்ட கணக்கு, அதைப் பார்த்து நாம் ஏன் மிரள வேண்டும்?

'ஒஜே ஸான் சேக்' என்றால் நேற்று வாங்கின புத்தகம். சொல்லுக்குச் சொல் நம் வரிசை. ஆங்கிலத்தில் புத்தகத்தை முதலில் சொல்லிவிட்டு, வாங்கின கதையைப் பின்னால் சேர்க்க வேண்டும். பெயரெச்சம் வாயில் புழங்கும் பிள்ளைக்கு இதை 'ரிலேட்டிவ் கிளாஸ்' என்று பாடம் நடத்துவது வீண் வேலை. வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் அப்படித்தான்.

துணைவினைகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. 'மொகொ போஸேயோ' என்றால் சாப்பிட்டுப் பாருங்க. அதில் இருப்பது 'பார்' என்ற அதே வினை. 'ஸொ ஜுஸேயோ' என்றால் எழுதிக் கொடுங்க, அதில் இருப்பது 'கொடு'. ஆங்கில விளக்கத்தில் முதலாவது 'ட்ரை' ஆகிறது, இரண்டாவது 'ப்ளீஸ்' ஆகிறது. பாரும் கொடுவும் காணாமல் போகின்றன.

மரியாதைக்கு ஆங்கிலப் புத்தகங்கள் பெரிய அட்டவணையே போடும். தாத்தா வந்ததை நண்பனிடம் சொல்ல 'ஹரபொஜி ஓஷ்யொஸ்ஸொ' போதும். நடுவில் கலந்திருக்கும் 'ஷி' தாத்தாவுக்கான மரியாதை. கடைசியில் 'யோ' சேர்க்காதது நண்பனோடு இருக்கும் உரிமை. "தாத்தா வந்துட்டாருடா" என்பதில் 'ஆரு' யாருக்கு, 'டா' யாருக்கு என்று நம் வீட்டில் யாருக்காவது விளக்க வேண்டுமா?

உடனே இரண்டும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிட வேண்டாம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஜப்பானிய மொழியும் துருக்கி மொழியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. உறவு இல்லாவிட்டால் என்ன, படிப்பதற்கு உதவுகிறதே.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. வந்தேன், வந்தாய், வந்தாள் எல்லாம் கொரியனில் வெறும் 'வஸ்ஸொ'தான். பள்ளிக்குப் போனாலும் உருபு 'ஏ', பள்ளியில் இருந்தாலும் 'ஏ', ஆனால் பள்ளியில் படித்தால் 'எஸொ'. அப்புறம் எழுவாயோடு 'நுன்' வருமா, 'கா' வருமா என்பது பெரிய தலைவலி. வகுப்பு நேரத்தை இதற்கல்லவா செலவழிக்க வேண்டும்? வினை ஏன் கடைசியில் வருகிறது என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தால் எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை. ஆங்கிலம் தடுமாறும் என்ற ஒரே காரணத்துக்காக, "நமக்குக் கொரியன் வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த இலக்கணத்தில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சரி, தமிழ் வழியாகக் கொரியன் சொல்லித்தரும் பாடப்புத்தகம் வரும்போது வரட்டும். கொரியன் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, நாளைக்கே போர்டில் கொரியன் வாக்கியத்துக்குக் கீழே தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டுமானால் அதற்கும் கீழே இருக்கட்டும்.