பச்சைப் பெட்டியைக் காட்டி என் ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள்

என் சிபி ரேடியோவில் (27 மெகாஹெர்ட்ஸில், அதாவது 11 மீட்டர் பேண்டில், பொதுமக்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ) தூரத்து ஆள் ஒருவர் பேச்சின் நடுவில் காணாமல் போனார் என்று புலம்பினேன். வந்த பதில்: பேண்ட் ஓப்பனாகத்தான், அதாவது அலைகள் தூரம் போகும் நிலையில்தான், இருக்கிறதாம். கோளாறு என் ஆன்டெனாவில்தானாம். ஆதாரம் என்ன தெரியுமா? "12-10 மீட்டர், பகல்: நல்ல நிலை" என்று பச்சையில் போட்ட, பேண்ட் நிலையைக் கணித்துச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட். அதை அனுப்பிவிட்டு, "முதலில் எஸ்டபிள்யூஆர் பாருங்கள்" என்று அறிவுரை வேறு (ஆன்டெனா ரேடியோவோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும் அளவு அது). அந்தப் பெட்டியில் 11 மீட்டர் என்று ஒரு வரிகூடக் கிடையாது, கவனித்தீர்களா?

நடந்ததைச் சொல்கிறேன். மதியம் முழுக்க வெறும் இரைச்சல். அணைத்துவிடலாம் என்று கையை நீட்டும்போது இரைச்சலுக்கு அடியில் ஏதோ முனகியது. சைடுபேண்டில் (குரலை அனுப்பும் ஒரு முறை, சரியாக ட்யூன் செய்யாவிட்டால் பேச்சு புரியாது) கிடப்பவர்களுக்குத் தெரியும், முதலில் அது குரல் மாதிரியே இருக்காது. க்ளாரிஃபையரை, அந்த நுண் ட்யூனிங் குமிழை, மெல்லத் திருப்பினேன். பேச்சாக மாறியது. சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் 3, 5, 7 என்று ஏறியது. கூப்பிட்டேன். "யார் அது, மறுபடி சொல்லுங்கள்" என்றார். மறுபடி சொன்னேன். என் அழைப்புக்குறியில் பாதியைச் சரியாகப் பிடித்து, மீதியைக் கேட்டார். கொடுத்தேன். "ரோஜர், ரோஜர்" என்றார், அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். பெயரைச் சொன்னார். ஐந்து-ஏழு (தெளிவு ஐந்து, பலம் ஏழு) என்று ரிப்போர்ட் கொடுத்தார். பிறகு ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முதல் எழுத்து வந்தது. முள் சரிந்தது.

வால்யூமைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது. ரிசீவரின் உணர்திறனைக் கூட்டும் ஆர்எஃப் கெயினை முழுக்கத் திறந்தேன். இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கரைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தேன். ஒரே ஒரு தடவை மேலே எழும்பி வந்தார். அந்த மனிதர் இன்னும் அதே ஊரைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! இரண்டாவது எழுத்து கிடைத்தது. மூன்றாவது வரும் நேரம், அக்கம்பக்கத்திலிருந்து ஒருவர் குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ மைக்கைப் பிடித்து, "ஹலோ... ஹலோ... என் ஆடியோ எப்படி இருக்கிறது?" என்றார். அவர் ஆடியோ! அவர் ஓய்ந்தபோது சேனலில் எதுவுமே இல்லை. எழுத்து இல்லை, ஊர் இல்லை, ஆள் இல்லை.

இதற்குத்தான் ஆன்டெனாவைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவரை எஸ்7-இல் கேட்கவைத்ததும் இதே ஆன்டெனாதான், இதே கோஆக்ஸ் கேபிள்தான். ஒரு நிமிடத்துக்குள் அது கெட்டுப்போய்விட்டதா?

27 மெகாஹெர்ட்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியுமா? அயனி மண்டலத்தின் எஃப்2 அடுக்கு எந்த அலைவரிசை வரைக்கும் மடக்கிக் கீழே அனுப்புமோ, அந்த எல்லையின் விளிம்பில். அந்த உச்ச அளவு 29 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறினால் 4 வாட்டில் கடல் தாண்டிப் பேசலாம். 26-க்கு இறங்கினால் ஆம்ப்ளிஃபையரை வைத்துக் கொளுத்தினாலும் அலை அப்படியே விண்வெளிக்குப் போய்விடும். இந்த ஏற்ற இறக்கம் மணிக்கு மணி, திசைக்குத் திசை மாறும். அந்தி சாய்ந்தால் இறங்கும். காந்தப் புயல் வந்தால் நாள் கணக்கில் படுத்துவிடும். ஒரே அடுக்கு எனக்குக் கிழக்கே திறந்தும் மேற்கே மூடியும் கிடக்கும்.

பெட்டிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அது பார்ப்பது சூரியனைப் பற்றிய சில எண்களை. சோலார் ஃப்ளக்ஸ் என்கிற, சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளின் அளவு, கனடாவின் பென்டிக்டன் அருகே நாளைக்குச் சில முறை மட்டும் அளப்பது. கே இண்டெக்ஸ் என்கிற, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு மதிப்பு. இந்த இரண்டையும் வைத்து உலகம் முழுமைக்கும் பொதுவாக ஒரு பச்சை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுகிற எண், என்னுடைய அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி என்ன சாட்சி சொல்ல முடியும்?

ஃப்ளக்ஸ் உயர்ந்தால் போதும் என்று நினைக்கிற கூட்டம் இன்னொன்று. பூமியின் வட பாதியில் வசிப்பவர்கள் ஜூன் மாதத்து நடுப்பகலில் கேட்டுப் பார்க்கட்டும். ஃப்ளக்ஸ் வானத்தைத் தொட்டாலும், குளிர்காலத்துப் பகலில் கிடைக்கிற எஃப்2 அப்போது கிடைக்காது. கோடையில் கை கொடுப்பது ஸ்போராடிக் ஈ, அதாவது எஃப்2-க்குக் கீழே உள்ள ஈ அடுக்கில் திடீரென்று தோன்றி மறையும் அடர்ந்த திட்டுகள். ஒரே தாவலில் 2,000 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும். அதற்கு ஃப்ளக்ஸும் தேவையில்லை, சூரியப் புள்ளிகளும் தேவையில்லை. எப்போது வரும், எப்போது போகும் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை ஆள் இல்லை. ஆனால் பெட்டி நிறம் காட்டும்.

அப்புறம் அந்த மூன்றாவது கூட்டம்: "25-ஆம் சூரியச் சுழற்சி உச்சம் தாண்டிவிட்டது, ரேடியோவை விற்றுவிடு." சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் இந்தச் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது, 2024 அக்டோபரில் உச்சம், சரி. இறங்குமுகத்திலும் பேண்ட் அருமையாகத் திறக்கும் ஐயா! ஒரு சுழற்சி ஏறத்தாழ 11 வருடம், விளக்கை அணைத்தாற்போல் மறுநாளே இருட்டிவிடாது. அமெரிக்காவில் சிபியில் 155.3 மைலுக்கு அப்பால் பேசக் கூடாது என்று பல காலம் சட்டமே இருந்தது, 2017-இல்தான் தூக்கினார்கள். தடை போடுகிற அளவுக்கு அலைகள் தாண்டி ஓடின என்றுதானே அர்த்தம்? இவர்களோ முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு ரேடியோவையே போடுவதில்லை. எல்லோரும் இப்படி உட்கார்ந்திருந்தால் திறந்த பேண்டும் செத்த பேண்டாகத்தான் தெரியும். அழைக்க ஆள் இருந்தால்தானே கேட்க முடியும்! பெட்டியை மூடிவிட்டு, இரைச்சலை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வையுங்கள்.

எழுதும்போதே இன்னொரு வயிற்றெரிச்சலும் வருகிறது. இந்த நாலு பின் மைக் சாக்கெட்! பார்க்க எல்லாம் ஒன்று, செருகினால் கச்சிதமாகப் பொருந்தும், உள்ளே வயரிங் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒன்றில் போட்டால் பேச்சு வராது, இன்னொன்றில் போட்டால் பட்டனை விட்ட பிறகும் டிரான்ஸ்மிட் நிற்காது. இத்தனை பத்தாண்டுகளில் நாலே நாலு கம்பிக்கு ஒரு பொது முறை வைக்க முடியவில்லையா இவர்களுக்கு?