பெருமைப்படச் சொல்லும் பெரியவர்களுக்கு

மே 21, தேயிலை தினம் வந்தால் போதும், முகநூல் முழுக்கப் பச்சை மலையும் கூடை சுமந்த அக்காமாரும்தான். கூடவே இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த நம்ம தமிழ் ஆட்களே எழுதும் ஓர் அறிவுரை: "தோட்டத்துப் பிள்ளை என்று சொல்ல வெட்கப்படாதே, பெருமையாகச் சொல்." எனக்கு இந்த அறிவுரை பிடிப்பதே இல்லை.

கொழும்பில் கடையில் நிற்கும் நம்ம பொடியனிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். ஹட்டன் என்பான், நுவரெலியா என்பான். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. தாழ்வு மனப்பான்மை என்று சொல்லிவிடுவது லேசு. 'தோட்டக்காட்டான்' என்று ஒருவன் இளக்காரமாக நினைத்துவிட்டால் வாடகை அறையில் இருந்து கல்யாணப் பேச்சு வரை என்னென்ன தட்டிப்போகும் என்று அவனுக்குத் தெரியும். கணக்குப் பார்த்துத்தான் மறைக்கிறான். மேலே இருப்பவர்கள் வைத்த அளவுகோலைக் கீழே இருப்பவர்களும் இயல்பு என்று ஏற்றுக்கொள்வதை பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் குறியீட்டு வன்முறை என்றார். என்னைக் கேட்டால், அதில் மாட்டியிருப்பது பொடியன் இல்லை, அறிவுரை சொல்பவர்தான். குறை பிள்ளையின் மனதில் இருக்கிறது என்று அவரே நம்பிவிட்டாரே!

குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1948இல் இந்திய வம்சாவளியினரான நம்ம ஆட்களின் பிரஜாவுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து நம்மில் 9,75,000 பேரில் உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பேசினார்கள். அதில் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திப்போட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க வழி பிறக்க 2003 ஆனது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபையின் சட்டத்தில் 33ஆம் பிரிவு. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர், நம்ம லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போகும் ரோட்டுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க அந்தப் பிரிவு தடையாக இருந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். காணி அரசுடையது, 1992இல் இருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். நாலைந்து தலைமுறை இருந்த லயக் காம்பராவுக்குக் காணி உறுதியும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம், தேதி முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு. விலாசமே இல்லாதவனிடம் போய் ஊரைப் பெருமையாகச் சொல் என்றால் எதைச் சொல்வான்?

இனி முகநூலில் வரும் அந்தக் கூடைப் படம். ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் பாடம் நடத்திய ஸ்டுவர்ட் ஹால், ஊடகம் இருப்பதை அப்படியே காட்டும் கண்ணாடி இல்லை என்று விளக்கியவர். எதைத் தெரிந்தெடுத்துத் திரும்பத் திரும்பக் காட்டுகிறதோ, அதுவே அந்த மக்களைப் பற்றிய அர்த்தமாகிவிடுகிறது. நம்மைப் பொறுத்தவரை அது ஒரு கூடை, ஒரு சிரிப்பு. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் அதேதான். அந்த அக்காவுக்குப் பெயர் கிடையாது. நிறுவை நேரத்தில், குறித்த கிலோ வரவில்லை என்று அரை நாள் சம்பளம் மட்டும் தரும் 'அரைப் பேர்' போடும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பதும் படத்தில் கிடையாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியபோது கமராக்கள் வந்தன. சம்பளப் போராட்டத்துக்கும் வரும். ஒன்று அழகு, இல்லாவிட்டால் அவலம்; நடுவில் இருக்கும் வாழ்க்கைக்கு யாரும் வருவதில்லை.

இப்போது நம்ம பிள்ளைகளே யூடியூப்பில் இறங்கியிருக்கிறார்கள். ஒழுகும் தகரத்தையும் பொதுக் கக்கூஸையும் காட்டினால், ஊர் மானம் போகிறது என்று பெரியவர்கள் பாய்கிறார்கள். நான் பொடியன்கள் பக்கம்தான். ஆனால் அவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அவர்களும் கடைசியில் கமராவைக் கொழுந்து மலைக்கே கொண்டுபோகிறார்கள். இன்று தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் நம்மில் ஒரு பகுதிதான். கொழும்புச் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவன், கார்மென்ட்டில் தைக்கிற தங்கச்சி, வீட்டு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட சின்னம்மா, இவர்களும் மலையகம்தானே? இவர்களை ஒரு வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. முதலில் அதை எடுங்கள் தம்பிமாரே, நானே பகிர்கிறேன்.