‘மூன்சைல்ட்’ பாடலைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சனின் முதல் இசைத்தொகுப்பான ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ குறித்து எங்கே பேச்சு எழுந்தாலும், ஐந்து பாடல்களில் நான்கு மகத்தானவை, ‘மூன்சைல்ட்’ மட்டும் வீண் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. அந்தப் பாடலில் பாட்டு ஒலிக்கும் முதல் இரண்டரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு, மீதமுள்ள ஒன்பது நிமிடத்துக்கும் மேலான வாத்திய இசையைத் தாண்டி நேராகக் கடைசிப் பாடலுக்குப் போய்விடுவதாகப் பலரும் சொல்கிறார்கள். நான் மதிக்கும், ஆழ்ந்து கேட்கும் பழக்கமுள்ள நண்பர்கள் சிலரும் இதையே சொல்வதால்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இந்தத் தொகுப்பின் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத்தான் அவர்கள் தாண்டிப் போகிறார்கள் என்பது என் கருத்து. குறை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், எல்லோரும் கொண்டாடும் அந்தக் கடைசிப் பாடலில், அதாவது தலைப்புப் பாடலில்தான் அதைச் சுட்டுவேன்.

இந்தக் குழு எவ்வளவு வேகமாக உருவானது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1969 ஜனவரியில் லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில், ஒரு காபிக்கடையின் அடித்தள அறையில் ஒத்திகையைத் தொடங்கினார்கள். ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சிக்கு முன்னால் லட்சக்கணக்கானோர் எதிரில் வாசித்தார்கள். அக்டோபர் 10 அன்று இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. மூடி ப்ளூஸ் குழுவின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்குடன் தொடங்கிய ஒலிப்பதிவு ஒத்துவராமல் போகவே, வெசெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் தாங்களே தயாரிப்புப் பொறுப்பை ஏற்று முடித்தார்கள். முதல் இசைத்தட்டு போடும் இளைஞர்கள் அனுபவசாலியான ஒரு தயாரிப்பாளரை விட்டு விலகுவது சாதாரண துணிச்சல் இல்லை. தங்களுக்குள் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் முறை மீது அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த முறையைச் சுற்றித்தான் என் வாதம் முழுவதும் நிற்கிறது.

பின்னாளில் எத்தனையோ பேர் வந்து போன இந்தக் குழுவில் கடைசிவரை நிலைத்தவர் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் ஒருவரே என்பதால், முதல் தொகுப்பையும் அவருடைய படைப்பாகவே பலர் பார்க்கிறார்கள். காதால் கேட்டால் வேறு கதை தெரியும். ராணுவ இசைக்குழுவில் பயின்று வந்த இயன் மெக்டொனால்ட்தான் இதில் சாக்ஸபோன், புல்லாங்குழல், கிளாரினெட், வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி), மெல்லோட்ரான் (ஒலிநாடாவில் இயங்கும் விசைப்பலகைக் கருவி) என்று அத்தனையும் வாசிக்கிறார். ஐந்து பாடல்களில் இரண்டு, பாடலாசிரியர் பீட்டர் சின்ஃபீல்டும் அவரும் மட்டும் சேர்ந்து எழுதியவை. மற்ற மூன்றும் ஐவரின் பெயரிலும் இருக்கின்றன. டிரம்ஸில் மைக்கேல் கைல்ஸ். கிட்டார் கலைஞராக இருந்து இந்தக் குழுவுக்காகப் பேஸ் கிட்டாருக்கு மாறிய கிரெக் லேக், பாடகரும்கூட. ஃப்ரிப்பின் பங்கைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. ஆனால் எத்தனையோ இடங்களில் அவர் வாசிக்காமல் இருப்பதுதான் இந்தத் தொகுப்பில் அவர் செய்த பெரிய காரியம்.

முதல் பாடலான ‘ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்’ இன்றும் கேட்பவரை உலுக்கிவிடும். லேக்கின் குரலை வேண்டுமென்றே சிதைத்து, பழுதான ஒலிபெருக்கி வழியாக வருவது போல் ஒலிக்கச் செய்திருக்கிறார்கள். வியட்நாமில் நேபாம் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட வரிகளுக்கு இனிமையான குரல் பொருந்தியிருக்காது. இதன் முரட்டுத்தனத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ நடுப்பகுதிதான் முக்கியம். கிட்டாரும் சாக்ஸபோனும் பேஸும் டிரம்ஸும் ஒரே சொற்கட்டை மின்னல் வேகத்தில் வாசித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துகின்றன. ஒரு கணம் முழு அமைதி. மீண்டும் நால்வரும் ஒரே புள்ளியில் வந்து விழுகிறார்கள். அந்தச் சொற்கட்டுகளில் சில மிகத் தாழ்ந்த ஒலியில் வாசிக்கப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். முழு வேகத்தில், தாழ்ந்த ஒலியில், நால்வர் பிசகாமல் சேர்ந்து வாசிப்பது கத்தி வாசிப்பதைவிடப் பல மடங்கு கடினம். கைல்ஸின் கை அங்கே ராக் டிரம்ஸ் கலைஞரின் கையாக இல்லை, ஜாஸ் கலைஞரின் கையாகவே இருக்கிறது.

அந்தப் பாடல் கூச்சலில் சிதறி முடிந்த மறுகணம் ‘ஐ டாக் டு த விண்ட்’ புல்லாங்குழலோடு தொடங்குகிறது. எளிய, அழகான பாடல். அதற்கு மேல் அதைப் பற்றி வாதாட எதுவும் இல்லை.

‘எபிடாஃப்’ பற்றிச் சொல்லும்போது மெல்லோட்ரான் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடாத் துண்டு இருக்கும். வயலின்கள், புல்லாங்குழல் என முன்பே பதிவு செய்யப்பட்ட ஒலி அதில் இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும், ஒலியும் நின்றுவிடும். விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் அடுத்த ஒலி. ஆகவே இதில் ஒரு சுரத்தை நினைத்த நேரம் வரை நீட்டிக்கொண்டே போக முடியாது. நாடா தீர்வதற்குள் இசையை அடுத்த இடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். ‘எபிடாஃப்’ பாடலில் அந்தக் கனத்த வயலின் அலைகள் மூச்சு வாங்கி வாங்கி எழுவது போல் கேட்பதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. கருவியின் குறையையே பாடலின் மூச்சாக மாற்றியிருக்கிறார் மெக்டொனால்ட். அதன் மேல் லேக் பாடும் விதத்தில் அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. நாளைய உலகைப் பற்றிய அச்சத்தை நேர்நின்று சொல்லும் குரல் அது. என் கணக்கில் ராக் இசையில் பதிவான மிகச் சிறந்த குரல்களில் அது ஒன்று.

இனி ‘மூன்சைல்ட்’. இசைத்தட்டில் முதல் பக்கம் ‘எபிடாஃப்’ பாடலோடு முடிந்துவிடும். தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்தின் முதல் பாடல் இதுதான். அந்தப் பக்கத்தில் இருப்பதே இரண்டு பாடல்கள். தாலாட்டு போன்ற சிறு பாட்டு முடிந்ததும் ஃப்ரிப்பும் மெக்டொனால்டும் கைல்ஸும் மட்டும் மனோதர்மமாக வாசிக்கத் தொடங்குகிறார்கள். நிலையான தாளம் இல்லை, பேஸ் இல்லை, மெல்லோட்ரானும் இல்லை. வைப்ரஃபோனில் இரண்டு சுரம் விழுகிறது. கிட்டார் உடனே பதில் சொல்லாமல் காத்திருந்து, அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் திருப்பித் தருகிறது. கைல்ஸ் சிம்பலின் ஓரத்தைத் தொட்டு விலகுகிறார். யாரும் யாரையும் முந்தவில்லை. ‘இதில் எதுவுமே நடக்கவில்லை’ என்பதுதான் எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. நடப்பதெல்லாம் மிகத் தாழ்ந்த ஒலியில் நடக்கிறது, அவ்வளவுதான். பேருந்திலோ சமையலறையிலோ இதைக் கேட்டால் ஒன்றும் காதில் விழாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவில், நல்ல ஹெட்ஃபோனில், ஒலியைச் சற்று உயர்த்திக் கேளுங்கள். முதல் பாடலின் நடுப்பகுதியில் நால்வரையும் ஒரே புள்ளியில் கொண்டு சேர்த்த அதே செவிக்கூர்மை இங்கே வேகமும் சத்தமும் கழன்று, தனியாகத் தெரியும்.

நாற்பதாம் ஆண்டையொட்டி 2009இல் ஃப்ரிப்பும் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் இந்தத் தொகுப்பைப் புதிதாக ஒலிக்கலவை செய்தபோது, இந்த மனோதர்மப் பகுதியில் சில நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். வாசித்தவரே வெட்டிவிட்டாரே என்று எதிர்த்தரப்பு இதை ஆதாரமாகக் காட்டும். அந்தக் கலவையில் கருவிகள் துலக்கமாகக் கேட்பது உண்மை. வில்சனின் உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அந்த வெட்டு தவறு என்றே சொல்வேன். படைத்தவரே ஆனாலும் நாற்பது ஆண்டு கழித்து எடுக்கும் முடிவு, 1969இல் அந்த அறையில் மூவர் சேர்ந்து எடுத்த முடிவைவிடச் சரியானதாகத்தான் இருக்கும் என்று கட்டாயம் இல்லை. மேலும், அந்த நீண்ட தாழ்ந்த ஒலிக்குச் செவி பழகிய பிறகுதான் தலைப்புப் பாடலின் முதல் மெல்லோட்ரான் வீச்சு அவ்வளவு பிரம்மாண்டமாக ஒலிக்கிறது. தாண்டிப் போய்க் கேட்கிறவர்களுக்கு அது உரத்த தொடக்கம் மட்டுமே.

அந்தத் தலைப்புப் பாடலின் மெட்டு அழகானது, கைல்ஸ் ஒவ்வொரு சரணத்துக்கு நடுவிலும் வாசிப்பவை அத்தனையும் புதியவை, நடுவில் வரும் புல்லாங்குழல் அருமை. ஆனால் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் அதே கூட்டுக்குரல் பல்லவி ஏறக்குறைய அதே கனத்தோடு திரும்பி வருகிறது. மூன்றாம் முறைக்குள்ளேயே அது தன் வியப்பை இழந்துவிடுகிறது. பாடல் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, சிறு ஆர்கன் மெட்டுக்குப் பின் மறுபடியும் அதே பிரம்மாண்டம். சின்ஃபீல்டின் வரிகளும் இங்கேதான் மெலிந்து போகின்றன. அரசன், சூனியக்காரி, கோமாளி என்று உருவங்கள் அணிவகுக்கின்றனவே தவிர, முதல் பாடலில் இருந்த கோபமோ ‘எபிடாஃப்’ பாடலில் இருந்த அச்சமோ இல்லை. வளவளப்பு என்ற குற்றம் இந்தத் தொகுப்பில் எங்காவது பொருந்துமானால் இந்த ஒன்பது நிமிடத்துக்குத்தான் பொருந்தும்.

ப்ரோக்ரஸிவ் ராக் என்ற, நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் வகையின் முதல் தொகுப்பு இதுதானா என்ற பழைய சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. மூடி ப்ளூஸ் 1967இலேயே வாத்தியக் குழுவோடு ஒரு தொகுப்பு வெளியிட்டது. ப்ரோகல் ஹாரம் 1968இல் பதினேழு நிமிடத் தொடர்பாடல் ஒன்றைத் தந்துவிட்டது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் கிங் கிரிம்சனின் இந்தத் தொகுப்பை அசாத்தியமான பெரும்படைப்பு என்று புகழ்ந்ததையும், விமர்சகர் ராபர்ட் கிரிஸ்ட்காவ் ‘டி பிளஸ்’ மதிப்பெண் போட்டு ஒதுக்கியதையும் கூட அதே சண்டையின் பகுதியாகவே பார்க்கிறேன். இருவருமே பிரம்மாண்டத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது; ஒருவருக்கு அது பிடித்தது, மற்றவருக்குப் பிடிக்கவில்லை.

என் வாதத்துக்கு நான் காட்டும் பெரிய சான்று இதே குழுவின் அடுத்த இசைத்தட்டு. 1969 டிசம்பரில், அமெரிக்கப் பயணத்தின் முடிவில், மெக்டொனால்டும் கைல்ஸும் விலகினார்கள். லேக்கும் பிறகு எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவுக்குப் போய்விட்டார். 1970இல் வந்த ‘இன் த வேக் ஆஃப் பொசைடன்’ முதல் தொகுப்பின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. முரட்டுப் பாடல் ஒன்று, அதை அடுத்து மென்மையான பாடல் ஒன்று, அதன் பின் மெல்லோட்ரான் கனக்கும் பெரும்பாடல் ஒன்று என்று வரிசைகூட அப்படியே இருக்கிறது. கைல்ஸ் விருந்தினராக வந்து டிரம்ஸும் வாசித்திருக்கிறார். ‘மூன்சைல்ட்’ போல மூவர் காத்திருந்து வாசிக்கும் பகுதி மட்டும் அதில் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் பதினோரு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘த டெவில்ஸ் ட்ரையாங்கிள்’ இருக்கிறது. அதில் மெல்லோட்ரான் கூடிக்கொண்டே போகிறது, யாரும் யாருக்கும் இடம் விடுவதில்லை. இரண்டு தொகுப்புகளின் இரண்டாம் பக்கத்தையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகும் ‘மூன்சைல்ட்’ வீண் என்று தோன்றினால் இங்கே வந்து எழுதுங்கள். நிச்சயம் பதில் சொல்கிறேன்.