அரைப் பேரும் ஒரு கேள்வித்தாளும்

போன மாதம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கேள்வித்தாளோடு ஒரு பிள்ளை வந்தாள். தொழிலாளர் நலன் பற்றிய கணக்கெடுப்பு. "உங்கள் வேலையில் திருப்தியாக இருக்கிறீர்களா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "ஒரு குறையும் இல்லை, பிள்ளை" என்றார் அம்மா. 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் அவள் சரி போட்டாள். அம்மாவின் விரல்கள் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து வெடித்திருந்தன. வெடிப்புகளில் காலையில் தடவிய தேங்காயெண்ணெய் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அவள் போனபின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வீடு தேடி வந்த பிள்ளையிடம் குறையா சொல்வது?"

அம்மா பொய் சொல்லவில்லை. மலையில் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை பார்த்திராதவர் எதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்வார்? மனத்தைக் கேட்டால் பழக்கம்தான் பதில் சொல்லும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு (OECD) வேலைச் சூழலின் தரத்தை அளப்பது பற்றி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும், திருப்தியை மட்டும் கேட்டு நின்றுவிடாமல் வேலையிடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் சொல்கிறது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர், அரை நாள் கூலிதான். நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பார்கள். மழை நாளில் கழிவு கூடும். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு நனைந்து ஒட்ட, அட்டை கடித்த காலோடு வரிசையில் நிற்பவருக்குத் தராசு சரியாகத் தெரிவதில்லை. எழுதுபவர் சொல்வதுதான் எடை. 19 கிலோ பறித்தவர் 17 கிலோவுக்குப் பெயர் எழுதிக்கொண்டு இறங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அரைப் பேர் விழுந்தால் அன்றைய கூலி மட்டும் குறைவதில்லை, ஓய்வுக்காலத்துக்கெனச் சேரும் சேமலாப நிதியும் சேர்ந்தே குறைகிறது.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது மலையகமே மகிழ்ந்தது. நானும்தான். அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் அதன்பின் பல தோட்டங்களில் கேட்கும் கிலோ கூடியது, வேலை நாள் குறைந்தது. நாட்கூலியை மட்டும் அளந்தால் வேலை மேம்பட்டதாகத் தெரியும். மாதக் கடைசியில் கைக்கு வந்ததை அளந்தால் வேறு கதை.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 'கண்ணியமான வேலை' என்ற சொல்லை முன்வைத்தது 1999இல். வருமானத்தோடு பாதுகாப்பையும், தொழிலாளி தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் சேர்த்துப் பார்க்கும் சொல் அது. அந்தச் சொல்லை எங்கள் மலைக்குக் கொண்டு வருபவர்கள் முதலில் கழிப்பறையைக் கேட்கட்டும். மேல் மலையில் நிற்கும் பெண் அவசரத்துக்கு எங்கே போகிறாள்? தேயிலைச் செடி மறைவுக்கு. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. திருப்திக்கு ஐந்து கட்டம் வைத்த அந்தத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பிள்ளை மறுபடி வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று அம்மாவிடமே கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கழித்த கொழுந்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்று கேட்கச் சொல்" என்றார்.