ஜன்னல் இருந்தும் சல்லடை

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், கேமராவை எடுத்துவிடுவேன். நடந்து போகிறவனுக்கு வாய்க்காத உயரம் அது. அந்தக் கண்ணாடியின் மேல்தான் இப்போது விளம்பரத்தை ஒட்டிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று படம்; உள்ளிருந்து பார்த்தால் சல்லடை. கண் எப்படியோ பழகிக்கொள்கிறது, கேமரா பழகுவதில்லை. ஃபோகஸ் அந்தத் துளைகளிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது.

நேற்று சிக்னலில் பஸ் நின்றது. நடைபாதையில் ஒரு முதியவர் குனிந்து, அறுந்த செருப்பு வாரை ஊக்கால் கோத்துக்கொண்டிருந்தார். செருப்புக்குச் சொந்தக்காரியான சிறுமி அவர் தலையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றாள். சாய்வெயில் இருவர் மேலும் விழுந்திருந்தது. எனக்குக் கிடைத்ததோ புள்ளி புள்ளியாய் ஒரு சாம்பல் மூட்டம்! வயிறு எரிகிறது. கண்ணாடியில் பிரதிபலிப்பு என்றால் லென்ஸை ஒட்டி வைத்துச் சமாளிக்கலாம். பஸ் ஓட்டத்தின் அசைவை, ஷட்டரை 1/1000 வினாடிக்கு வைத்து நிறுத்தலாம். இதற்கு என்ன செய்வது?

உள்ளே இருப்பவர்களை எடு என்கிறார் நண்பர். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து அப்படித்தான் எடுத்தார், 1938 முதல் 1941 வரை. எனக்கு வேண்டியது வெளியே இருக்கிற தெரு. டிக்கெட் வாங்கியவனுக்கு ஜன்னலும் சேர்த்தித்தானே?