விலை கைவசம் இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை நிரலாக்க வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் நான் விடாமல் சொல்லும் ஒன்றை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஒரு ஃபங்ஷன், அதாவது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு, உடனே பதில் தரலாம், பிறகும் தரலாம். ஆனால் ஒரு நேரம் உடனே, இன்னொரு நேரம் பிறகு என்று இருக்கவே கூடாது. எப்படி வரும் என்று உறுதியில்லையா, எப்போதும் பிறகுதான் என்று வைத்துவிடுங்கள்.

டவுனில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சாகத் தெரியும். தோட்டத்துக்குள் இரண்டு வளைவு தாண்டினால் கைப்பேசி லைன் போய்விடும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். என் மாணவர்கள் சிறுதோட்டக்காரர்களுக்காகச் செம்பனைக் குலைக் கணக்கு எழுதும் செயலி ஒன்றைச் செய்கிறார்கள். எடையைத் தட்டினால் அன்றைய விலையோடு பெருக்கித் தொகை வர வேண்டும். விலை கைப்பேசியில் ஏற்கெனவே சேமித்திருந்தால் அங்கிருந்து எடுக்கும், இல்லாவிட்டால் சர்வரைக் கேட்கும். இதை கால்பேக் வைத்து, அதாவது பதில் வந்ததும் ஓட வேண்டிய நிரல் துண்டை முன்கூட்டியே கொடுத்து வைத்து, எழுதினார்கள். விலை வந்ததும் அதை எடைச்சீட்டில் எழுது என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில்தான் சீட்டே உருவாகிறது.

முதல் தடவை ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. சர்வருக்குப் போய்த் திரும்புவதற்குள் சீட்டு தயாராகிவிட்டது. இரண்டாம் தடவை விலை கைப்பேசியிலேயே இருந்ததால் கால்பேக் அந்த நொடியே ஓடியது. சீட்டு இன்னும் பிறக்கவில்லை. தொகை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். குலையை ஏற்றி அனுப்பிவிட்டு அந்தச் சீட்டை நம்பி நிற்கும் ஒரு பெரியவருக்கு அது அவருடைய காசு. இந்த வகைப் பிழையை நான் வெறுப்பதற்குக் காரணம் அதுதான். சோதிக்கும்போது ஒளிந்துகொள்ளும், உழைத்தவர் கையில் போய் வெளிப்படும்.

அவர்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி இதற்கு நல்ல வழி செய்து கொடுத்திருக்கிறது. 2015இல் பிராமிஸ், அதாவது பிறகு வரும் பதிலுக்கோ பிழைக்கோ இப்போதே கையில் தரும் டோக்கன், மொழிக்குள்ளேயே வந்தது. 2017இல் அசிங்க், அவெய்ட் வந்தன: முன்னால் அசிங்க் போட்ட ஃபங்ஷன் எப்போதும் பிராமிஸையே திருப்பித் தரும், அதற்குள் அவெய்ட் போட்டால் பதில் வரும்வரை அந்த ஃபங்ஷன் காத்திருக்கும். அவெய்ட் போட்ட இடத்தில் பிராமிஸ் வந்தாலும் சரி, வெறும் எண் வந்தாலும் சரி, கீழே உள்ள வரிகள் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடிந்த பிறகுதான் ஓடும். விலை கைவசம் இருந்தாலும் வரிசை மாறாது. ஆகவே அந்த விலை ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் என்று எழுதிவிட்டால், கூப்பிடுகிறவர் அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

பிழைகளின் கதை இதைவிட முக்கியம், இதைப் பாடமாகச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. சேமித்த விலை சிதைந்து கிடக்கிறது என்று வையுங்கள். சாதாரண ஃபங்ஷன் அதைப் படிக்கும்போதே, பிராமிஸ் எதையும் திருப்பித் தருவதற்கு முன்பே, பிழையை எறிந்துவிடும். நீங்கள் பிராமிஸுக்குப் பின்னால் பிழையைப் பிடிக்கும் கேட்ச் கட்டி வைத்திருக்கலாம். அந்தப் பிழை அதன் பக்கமே வராது. அசிங்க் ஃபங்ஷனில் எறிந்த எதுவும் பிராமிஸ் வழியாகத்தான் வெளியே வரும். பிறர் எழுதிய ஃபங்ஷனுக்கு 2025 தரநிலையில் பிராமிஸ்.ட்ரை சேர்ந்திருக்கிறது. கொடுத்த ஃபங்ஷனை அது அங்கேயே ஓட்டும். பதிலோ பிழையோ, உடனே வந்ததோ பிறகு வந்ததோ, எல்லாம் ஒரே பிராமிஸாகக் கைக்கு வரும். இத்தனை வருடம் ஏன் காத்திருந்தோம் என்று தோன்றுகிறது.

பைத்தான் மொழியில் இந்தச் சலுகை கிடையாது. 2015இல் வெளிவந்த 3.5ஆம் பதிப்பில் அசிங்க், அவெய்ட் வந்தன, ஆனால் வெறும் எண்ணுக்கு அவெய்ட் போட்டால் டைப்எரர் என்ற பிழைதான். வந்தது காத்திருக்கத் தக்கதா என்று பைத்தானோடு வரும் இன்ஸ்பெக்ட் மாடியூலை வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பத்து இடத்தில் எழுதாதீர்கள், ஓரிடத்தில் எழுதி மூடிவிடுங்கள். பைத்தானில் சர்வர் எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ செய்வதைப் பாருங்கள்: சாதாரண ஃபங்ஷன் கொடுத்தால் தனி திரெட்டில், அதாவது மற்றதை நிறுத்தாத தனி ஓட்டப் பாதையில், ஓட்டுகிறது, அசிங்க் கொடுத்தால் அசிங்க் வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப்பிலேயே ஓட்டுகிறது. பிரிப்பது அது, நாம் அல்ல. ஆனால் அசிங்க் என்று பெயர் போட்டுவிட்டு உள்ளே மெதுவான சாதாரண வேலையை வைத்தால் அந்த லூப்பை நம்பிய மற்ற எல்லாரும் நிற்க வேண்டியதுதான். ஒரே மாதிரி கூப்பிட முடிகிறது என்பதால் உள்ளே நடப்பதும் ஒன்றே என்று ஆகிவிடாது.

எல்லாவற்றையும் அசிங்க் ஆக்கினால் வேகம் போய்விடுமே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கவலைதான். சி ஷார்ப் மொழியில், பிராமிஸ் போன்ற டாஸ்க் இருக்கும்போதே வேல்யூடாஸ்க் என்று இன்னொன்று வந்ததே, பதில் பெரும்பாலும் கையிலேயே இருக்கும் இடங்களில் வீண் செலவைத் தவிர்க்கத்தான். ஆனால் எடையையும் விலையையும் பெருக்குகிற, கழிவு பிடிக்கிற, கூட்டிப் போடுகிற ஃபங்ஷன்களை அசிங்க் ஆக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அவை எங்கேயும் போய்க் கேட்பதில்லை, கொடுத்ததை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஆயிரம் வரியாக இருந்தாலும் உடனே முடியட்டும். சேமிப்பையும் சர்வரையும் தொடுகிற சில ஃபங்ஷன்களை மட்டும் ஓரத்தில் ஒதுக்கி, அவற்றை எப்போதும் அசிங்க் ஆக வையுங்கள். இப்படிப் பிரித்துவிட்டால், ஒரே வேலைக்கு அசிங்க் ஒன்று, சாதாரணம் ஒன்று என்று இரண்டு நகல் எழுதும் கொடுமையும் போய்விடும்.

கோ மொழிக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அவர்களுக்கு இந்தப் பிரிவே இல்லை, காத்திருப்பதை கோருட்டீன் என்ற இலேசான திரெட்டுகளும் அவற்றை ஓட்டும் ரன்டைமும் பார்த்துக்கொள்கின்றன. ஜாவாவும் 2023இல் வந்த 21ஆம் பதிப்பில் வெர்ச்சுவல் திரெட் என்று அதே மாதிரி இலேசான திரெட் கொடுத்து அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. எனக்கு அந்த வழி பிடிக்கும். ஆனால் என் பிள்ளைகள் எழுதுவது பிரவுசருக்கு. அங்கே திரையை வரைவதும் அவர்கள் நிரலை ஓட்டுவதும் ஒரே திரெட், அதை நிறுத்தி வைத்தால் விரல் தட்டுவதுகூட வேலை செய்யாது.

அடுத்த சனிக்கிழமை வருகிறவர்கள் செயலியை மூன்று விதமாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். சேமிப்பை அழித்துவிட்டு ஒரு தடவை, சேமிப்போடு ஒரு தடவை, லைனை அணைத்துவிட்டு ஒரு தடவை. சேமிப்பும் இல்லாமல் லைனும் இல்லாமல் இருந்தால் சீட்டில் பூஜ்யம் வரக் கூடாது, விலை கிடைக்கவில்லை என்று வர வேண்டும்.